திருமலை எழுத்தாளர்களின் கடிதங்களும் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமலை என்று நாங்கள் சொல்லும் திருகோணமலை மாவட்டத்தில் எழுத்தாளர்களின் வீடுகளுக்குப் போய், கடிதங்கள், படங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் பட்டியலிடும் வேலையை நாங்கள் சில நண்பர்கள் ஓய்வு நாட்களில் செய்துவருகிறோம். போகிற வீடுகளில் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்ததை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறோம்.

அப்பப்பாவின் கடிதங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

வீட்டில் வயதில் மூத்தவர் யாரோ, அவரிடமிருந்து தொடங்குங்கள். பெட்டி கொஞ்சம் பொறுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் உவர்மலையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். எழுத்தாளர் காலமாகி வெகுகாலம். அவருடைய தங்கை, எண்பது தாண்டிய மாமி, விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். ஒரு நூல் வெளியீட்டு விழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை அவர் மடியில் வைத்தோம். பதினொரு பேர் வரிசையாக நிற்கிறார்கள், முகங்கள் மங்கிப்போயிருந்தன. மாமி பூதக்கண்ணாடியை வாங்கி நேரே கால்களுக்குக் கொண்டுபோனார். "இந்தச் செருப்பு அண்ணாவின்ர. வார் அறுந்து நான்தான் கறுப்பு நூலால தைச்சுக் குடுத்தனான்" என்றார். உற்றுப் பார்த்தால் அந்தத் தையல் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். "இவர் அச்சகத்தில எழுத்துக் கோர்க்கிறவர். எப்பவும் இப்பிடித்தான், வேட்டித் தலைப்பை இடது கையால பிடிச்சபடி நிப்பார்." ஒன்பது பேருக்குப் பெயர் கிடைத்தது. மற்ற இருவரையும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அடுத்த கிழமை போகலாம் என்றுதான் இருந்தோம். மாரி மழை, வேலை என்று இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதற்குள் மாமி காலமாகிவிட்டார். படம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இருவரும் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

அதனால்தான் சொல்கிறோம்: கைத்தொலைபேசியில் குரல்பதிவைப் போட்டுவிட்டு, தெரிந்தவரைப் பேசவிடுங்கள். நேர்காணல் மாதிரி கேள்வி கேட்க வேண்டாம். ஒரு படத்தையோ கடிதத்தையோ கையில் கொடுத்தால் போதும், பேச்சு தானாக வரும்.

பிறகு பெட்டியைத் திறவுங்கள். திறந்தவுடன் எதையும் எடுக்காமல் அப்படியே ஒரு படம் எடுங்கள். கடிதங்களைத் திகதி வாரியாக அடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து அடுக்காதீர்கள். சணல் கயிற்றால் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தால், அவர் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் கட்டியிருப்பார். ஒரு கட்டில் பதிப்பாளரின் கடிதமும், கடன்காரரின் கடிதமும், மகளின் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையும் சேர்ந்து இருந்தால், அந்த நூல் எப்படி வெளிவந்தது என்ற கதை அந்தச் சேர்க்கையிலேயே இருக்கிறது. பிரித்தால் போய்விடும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு எண் கொடுங்கள், எந்தக் கட்டில் எது இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் நாளுக்கு அது போதும்.

அவர் அவ்வளவு பெரிய எழுத்தாளர் இல்லையே. பத்திரிகையில் நாலைந்து கதைதான் வந்தது.

நாலைந்து கதை எழுதியவரின் பெட்டியில்தான் நாற்பது கதை எழுதியவரின் கடிதம் கிடக்கும். எழுத்தாளர்கள் பெரும்பாலும் எழுத்தாளர்களுக்குத்தான் கடிதம் எழுதினார்கள். எழுதியவர் பிரதி வைத்துக்கொள்வதில்லை, வாங்கியவர் வீட்டில்தான் அது இருக்கும். ஆகவே மூதூர் வ.அ. இராசரத்தினம் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் வீட்டை மட்டும் பார்த்தால் போதாது. அவரோடு படிப்பித்தவர், அவர் கதையை வாசித்துவிட்டு எழுதிய வாசகர், அவருக்கு நூல் அனுப்பிய நண்பர் என்று எல்லோர் வீட்டு லாச்சியையும் பார்க்க வேண்டும். நாவலாசிரியை நா. பாலேஸ்வரிக்கும், கிண்ணியாக் கவிஞர் அண்ணலுக்கும் இதே கதைதான்.

பெண் எழுத்தாளர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கணவருடைய கோப்புக்குள்ளோ, சமையற்குறிப்புக் கொப்பியின் பின்பக்கங்களிலோ அவர்கள் எழுதியவை ஒதுங்கிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோம். "அது அம்மாவின்ர கணக்குக் கொப்பி" என்று ஒதுக்கிவைத்ததை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

நூல்கள் இருக்கின்றனவே. கடிதமும் படமும் எதற்கு?

திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போய்ப் படித்து, 1895இல் 'மோகனாங்கி' எழுதினார். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர் பலர் சொல்வது அதைத்தான். அவருடைய அண்ணன் தி. த. கனகசுந்தரம்பிள்ளையும் பேர்பெற்ற தமிழறிஞர். இந்த இருவரும் எப்படிக் கடல் கடந்து போனார்கள், வீட்டுக்கு என்ன எழுதினார்கள், கோணமலையை நினைத்துக்கொண்டார்களா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லக்கூடியது ஒரு கட்டுக் கடிதம்தான். நூலின் முன்னுரை நூலைப் பற்றிச் சொல்லும், ஆளைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லும்.

கடிதம் தப்பியிருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தார். அவர் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் தப்பியதால், கதைகளில் காணாத ஒரு மனிதரை நாம் பார்க்கிறோம். பிரிவையும் காசுக் கஷ்டத்தையும் அவர் அங்கே எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறார். உ. வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைச் சேர்த்து வைத்தார். அவருக்கு எழுதியவர்களில் நம் சி. வை. தாமோதரம்பிள்ளையும் ஒருவர். பழந்தமிழ் நூல்கள் எப்படி அச்சேறின என்ற வரலாற்றை இன்று எழுத முடிவது அந்தச் சேர்த்துவைக்கும் பழக்கத்தால்தான்.

அப்புறம் நம் ஊரின் கவிஞர் பிரமிள். 1939இல் இங்கே பிறந்தார், தருமு சிவராமு என்ற பெயரில் திருமலையிலிருந்தபடியே சென்னையின் 'எழுத்து' இதழுக்கு எழுதினார், பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் 1997இல் அங்கேயே மறைந்தார். ஓவியமும் வரைந்தவர். அவருடைய எழுத்துகளை கால சுப்ரமணியம் பாடுபட்டுத் தொகுத்தார். ஆனால் இளவயதுத் திருமலை வாழ்க்கைக்குச் சான்று எங்கே தேடுவது? இங்கேதான். பள்ளிக்கூடப் படம், நண்பனுக்கு எழுதிய தபாலட்டை, ஒரு பழைய கொப்பியின் மூலையில் கிறுக்கிய சித்திரம் என்று ஏதாவது ஒரு வீட்டில் இன்னும் இருக்கலாம் என்று நாங்கள் நம்புகிறோம்.

படத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்லலாம். பாரதி என்றதும் நம் கண்ணில் வரும் முகம், விரல்விட்டு எண்ணக்கூடிய ஒரு சில படங்களிலிருந்து வந்ததுதான். அவையும் தப்பியிராவிட்டால் நமக்கு முகமே இல்லை.

படத்தில் பெயர்களை எப்படி எழுதுவது?

பழைய கடதாசிப் படமென்றால் பின்பக்க ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல். குமிழ்முனைப் பேனை வேண்டாம், முன்பக்கம் தழும்பும். 1970களுக்குப் பிறகு வந்த வழுவழுப்பான வண்ணப் படங்களில் பென்சில் பிடிக்காது. அவற்றுக்கு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் படத்தோடு ஒரே உறையில் வையுங்கள். ஊசி, கிளிப், பசை எதுவும் வேண்டாம்.

இடமிருந்து வலமாக, நிற்பவர், இருப்பவர் என்று வரிசை குறிப்பிடுங்கள். "மாமா, பெரியப்பா" என்று எழுதினால் பேரப்பிள்ளைக்கு யாருடைய மாமா என்று தெரியாது, முழுப்பெயர் எழுதுங்கள். இன்னொன்று, இந்தப் பெயரைச் சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்பதையும் எழுதுங்கள். பிற்காலத்தில் வேறொருவர் வந்து வேறு பெயர் சொன்னால், எதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவெடுக்க அந்தக் குறிப்புத்தான் உதவும்.

யாரென்று சொல்ல ஒருவரும் இல்லாத படங்கள்?

எறியாதீர்கள். பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறதா பாருங்கள். பின்னணியில் தெரியும் கட்டடம், சுவர் நாட்காட்டி, மேடையின் பதாகை எல்லாம் ஆண்டைக் காட்டிக்கொடுக்கும். 1966இல் தொடங்கிய 'மல்லிகை' இதழ் எழுத்தாளர்களின் படங்களை அட்டையில் போட்டுவந்தது. முகத்தை ஒப்பிட அந்த அட்டைகள் நல்ல துணை.

திருமலையில் கடற்காற்று, மழை, கறையான். கடதாசியை எப்படிக் காப்பாற்றுவது?

நம் ஊரில் கடதாசிக்கு இரண்டு பருவமும் எதிரி. ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும், ஆனி ஆடியில் கச்சான் காற்றின் வெக்கை. ஈரத்தில் ஊதுகிறது, வெக்கையில் சுருங்குகிறது, இப்படி ஆண்டுக்காண்டு நடந்து கடைசியில் மடிப்பில் உடைகிறது. உப்புக்காற்றில் குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துக் கடதாசியைத் தின்கின்றன. ஆகவே முதல் வேலை, உலோகம் எதுவானாலும் மெதுவாகக் கழற்றுவது. துரு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கம்பியை நிமிர்த்தி எடுங்கள்.

பெட்டியைச் சீமெந்துத் தரையில் வைக்க வேண்டாம். வெளிச்சுவரோடு ஒட்டியும் வேண்டாம், கூரைக்குக் கீழே பரணிலும் வேண்டாம். வீட்டின் நடு அறையில், நிலத்திலிருந்து ஒரு முழம் உயரத்தில், சுவரைத் தொடாமல் இருந்தால் கறையான் வந்தாலும் மண்பாதை கண்ணுக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனையோ மருந்தைவிட அதுதான் வேலை செய்கிறது.

வெளுத்த பருத்தித் துணியில் சுற்றலாம், ஆனால் கஞ்சி போடாத துணியாக இருக்க வேண்டும். இராமபாணப் பூச்சிக்குக் கஞ்சி என்றால் விருந்து. பத்திரிகைத் தாளில் சுற்றினால் அதன் அமிலம் கடிதத்தில் இறங்கி மஞ்சளாக்கும். பூச்சி உருண்டையைக் கடதாசியில் படவிடாதீர்கள். வேப்பிலை போடுகிறவர்கள் பெட்டிக்கு வெளியே போடட்டும், உள்ளே போட்டால் கறை பிடிக்கிறது.

பூச்சி ஏற்கனவே புகுந்துவிட்டால் ஒரு வழி உண்டு. கடிதக்கட்டைப் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, நன்றாக மூடி, ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள். உடனே திறந்தால் பனிநீர் கடதாசியில் இறங்கும். கடிதங்களுக்கு மட்டும்தான் இது. ஒளிப்படங்களையும் படச்சுருள்களையும் இப்படி வைக்க வேண்டாம்.

லேமினேட் செய்தால் பாதுகாப்புத்தானே?

வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் கடதாசிக்குள் போய்விடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் பழுப்பாகி எழுத்தையே மறைத்துவிடும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட பழைய அல்பங்களில் படங்கள் இருந்தால், வலுக்கட்டாயமாக உரிக்காமல், பக்கத்தோடு சேர்த்து முதலில் படமெடுத்துவிடுங்கள்.

வெள்ளம் வந்து நனைந்துவிட்டால்?

2004 மார்கழி 26இல் மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் கடல் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். உயிர் தப்பினால் போதும் என்ற நேரத்தில் கடதாசியை நினைக்க முடியாது. ஆனால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் திரும்பி வரும்போது செய்யக்கூடியது உண்டு.

நனைந்த கடதாசியில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்து உடையும். நிழலில், மின்விசிறிக் காற்றில், உறிஞ்சும் தாளின் மேல் பரப்புங்கள். நிறைய இருந்து கை ஓடவில்லை என்றால், பையில் போட்டுக் குளிரில் உறையவையுங்கள். பூஞ்சணம் அப்படியே நிற்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிடக் கூடாது. சுத்தமான குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி, முகம் மேலே இருக்கும்படி பரப்புங்கள். படத்தின் முகத்தை விரலால் துடைக்காதீர்கள், ஈரத்தில் படமே வழிந்து வந்துவிடும்.

ஸ்கேனர் இல்லை. கைத்தொலைபேசி போதுமா?

போதும். காலை வெளிச்சம் வரும் யன்னலோரம், பிளாஷ் இல்லாமல், கடிதத்துக்கு நேர்மேலே தொலைபேசியைச் சாயாமல் பிடியுங்கள். பக்கத்தில் ஒரு அடிமட்டம் வைத்தால் அளவு தெரியும். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் அதையும் எடுங்கள். கடித உறையை மறக்காதீர்கள். கடிதத்தில் திகதி இல்லாதபோது தபால் முத்திரைதான் திகதி சொல்லும், அனுப்பியவர் அப்போது எந்த ஊரில் இருந்தார் என்பதையும் அது சொல்லும். ஸ்கேனர் கிடைத்தால் கடிதத்துக்கு 300 டிபிஐ (ஸ்கேனரில் தெரிவுசெய்யும் துல்லிய அளவு), படத்துக்கு 600 டிபிஐ, கறுப்பு வெள்ளையானாலும் வண்ணத்திலேயே எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், கோப்பாக இணைத்து அனுப்புங்கள். மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கணினியில், ஒன்று தனி வன்தட்டில், மூன்றாவது வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம். மூன்றும் ஒரே வீட்டில் இருந்தால் அது ஒரு பிரதிதான்.

பழைய கணினியில் அப்பா தட்டச்சுச் செய்தவை திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.

பழுதாகவில்லை, பயப்படாதீர்கள். யுனிகோட் பரவுவதற்கு முன் நம்மவர்களில் பலர் பாமினி எழுத்துருவில் எழுதினார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருமாற்றி மென்பொருளில் போட்டால் தமிழ் வந்துவிடும். மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள், ஏனென்றால் மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும்.

ஒலிநாடாக்கள் கடதாசியைவிட அவசரம். நாடா ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால் எழுத்தாளரின் குரல் போய்விடும், ஓட்டுகிற கருவியும் இப்போது அருமை. எது முதலில் என்று கேட்டால், குரலை முதலில் எடுங்கள்.

அசலை யாரிடம் கொடுக்கலாம்? நூலகத்தில் கொடுத்துவிட்டால் பத்திரம்தானே?

1981 ஜூன் முதலாம் திகதி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போன நாட்டில் இருக்கிறோம். எந்த ஒரு இடமும் முழுப் பாதுகாப்பு இல்லை. பிரதி எடுத்த பிறகுதான் அசலைப் பற்றி யோசிக்க வேண்டும்.

இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். எங்களில் ஒருவரின் வீட்டில் இருந்த ஒரு அல்பத்தை, நினைவு மலருக்குப் படம் வேண்டும் என்று கேட்டவர்களிடம் நம்பிக் கொடுத்தோம். சிட்டை வாங்கவில்லை. மலர் வந்தது, அல்பம் வரவில்லை. மலரில் தபால்தலை அளவில் அச்சான நாலு படம்தான் இப்போது மிச்சம். மற்றவை எப்படி இருந்தன என்று நினைவிலிருந்து ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். எடுத்துப் பார்க்கவே மனம் வருவதில்லை.

நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்து எல்லோரும் பார்க்கத் திறந்து வைத்திருக்கிறது. பிரதியை அங்கே பகிர்ந்துவிட்டு அசலை வீட்டில் வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. வீட்டில் இனி வைக்க முடியாது, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு என்ற நிலைமையில், பல்கலைக்கழக நூலகத்தையோ கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தையோ கேட்டுப் பாருங்கள். எங்கே கொடுத்தாலும் என்னென்ன, எத்தனை, என்ன நிபந்தனை என்று எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வைக்க வேண்டும். தெரிந்தவர்தானே என்று விடாதீர்கள், தெரிந்தவர் என்பதால்தான் பிறகு கேட்க வாய் வராது.

கடிதம் என்னிடம் இருக்கிறது. அச்சிட எனக்கு உரிமை உண்டா?

கடதாசி உங்களுடையது, அதில் உள்ள எழுத்து எழுதியவருடையது, அவருக்குப் பிறகு அவர் வாரிசுகளுடையது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். இந்தியாவில் 60 ஆண்டுகள். சரவணமுத்துப்பிள்ளையின் எழுத்தை யாரும் அச்சிடலாம். ஆனால் 2001இல் மறைந்த வ.அ. இராசரத்தினம் உங்கள் தந்தைக்கு எழுதிய கடிதமென்றால் அவர் குடும்பத்தைக் கேட்க வேண்டும். ஒளிப்படத்துக்கு உரிமை எடுத்தவருடையது. பாதுகாப்பதற்கும் பட்டியலிடுவதற்கும் இது தடையில்லை, வெளியிடும்போதுதான் கேள்வி வருகிறது.

கடிதங்களில் குடும்ப விஷயங்கள் இருக்கின்றன. கிழித்துவிடலாமா என்று அம்மா கேட்கிறார்.

இந்தக் கேள்வி வராத வீடே இல்லை. கடன், காதல், சகோதரச் சண்டை, ஒரு நண்பரைப் பற்றிக் கோபத்தில் எழுதிய நாலு வரி. அம்மாவின் கவலை நியாயமானது. அதை லேசாக எடுத்துக்கொண்டு "இலக்கியத்துக்காக" என்று வற்புறுத்துவது தவறு என்பது எங்கள் கருத்து.

நாங்கள் சொல்லும் வழி: கிழிக்காமல் மூடி வையுங்கள். அந்தக் கடிதங்களை மட்டும் ஒரு உறையில் போட்டு, முத்திரையிட்டு, மேலே "2060 வரை திறக்கக் கூடாது" என்று குடும்பம் தீர்மானிக்கும் ஆண்டை எழுதிவிடலாம். இன்று வலிப்பது அப்போது யாருக்கும் வலிக்காது. பிரதி எடுக்க வருபவர்களிடம் அந்த உறையைக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பெட்டியில் இப்படியொரு உறை இருக்கிறது என்று பட்டியலில் ஒரு வரி இருந்தால் போதும்.

தம்பலகாமத்தில் ஒரு அம்மா, கணவருடைய கடிதங்களை அடுப்படிக்கே கொண்டுவந்துவிட்டார். கலியாணத்துக்கு முன் வேறொருவருக்கு எழுதி அனுப்பாமல் விட்டவை. அரை நாள் பேசினோம். கடைசியில், "நான் இருக்குமட்டும் ஒருத்தரும் வாசிக்கக் கூடாது. பிறகு என்னவும் செய்யுங்கோ" என்றார். அவரே ஊசி நூல் எடுத்து அந்தப் பொதியைத் துணியில் வைத்துத் தைத்தார். அது அப்படியே இருக்கிறது.

போர்க்காலத்தில் பயத்தினால் எரித்தவர்களும் புதைத்தவர்களும் நிறைய. சுற்றிவளைப்பு வருகிறது என்றால், ஒரு கடிதத்தில் இருக்கும் பெயரே ஆபத்து. அதற்காக இன்று யாரும் வெட்கப்படத் தேவையில்லை. எரித்தோம் என்று சொல்லுங்கள், எப்போது, ஏன், அதில் என்ன இருந்ததாக நினைவு என்று சொல்லுங்கள். அதுவும் அந்த எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பில் சேரும்.

எல்லாமே அழிந்துவிட்டது. இனி ஆராய்ச்சிக்கு என்ன வழி?

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கையில் ஒன்றுமே இல்லாமல் போன குடும்பங்கள் திருமலையில் ஏராளம். அவர்களுக்கும் வழி இருக்கிறது.

முதலில் கல்வெட்டைத் தேடுங்கள். கோணேசர் கல்வெட்டைச் சொல்லவில்லை, ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிச் சடங்குக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்தைச் சொல்கிறோம். அதில் படம் இருக்கும், வம்சாவழி இருக்கும், திதி வெண்பாவில் இறந்த நாள் இருக்கும், நண்பர்களின் இரங்கல் உரைகள் இருக்கும். உறவினர் எவராவது சாமியறையில் ஒரு பிரதி வைத்திருப்பார். ஒரு எச்சரிக்கையும் உண்டு. துக்கத்தில் எழுதுவது, குறைகள் வராது, பதவிகள் சற்று உயர்ந்துவிடும். பெயரையும் உறவையும் அதிலிருந்து எடுங்கள், மற்றதை வேறு சான்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து பதிவேடுகள். பிறப்பு, விவாகப் பதிவுப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். பள்ளிக்கூடச் சேர்வு இடாப்பில் தகப்பன் பெயர், விலாசம், சேர்ந்த திகதி எல்லாம் இருக்கும். எழுத்தாளர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அதனால் படித்த பள்ளிக்கூடம், படிப்பித்த பள்ளிக்கூடம் இரண்டிலும் கேளுங்கள். பரிசளிப்பு விழா மலர்களில் அவர்களுடைய முதல் கவிதை அச்சாகியிருக்கும்.

பிறகு அச்சில் வந்தவை. 1885ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் வந்ததிலிருந்து அச்சிட்ட நூல்களின் பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஊரில் ஒரு பிரதியும் இல்லாத நூல் கொழும்புச் சுவடிகள் திணைக்களத்தில் இருக்க இடமுண்டு. வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களில் கதை வந்த அடுத்தடுத்த வாரங்களில் அதைப் பற்றிய வாசகர் கடிதமும் வந்திருக்கலாம்.

கடைசியாக, மறுகரை. நம் எழுத்தாளர் எழுதிய கடிதங்கள் சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் பதிப்பாளர், இதழாசிரியர் வீடுகளில் இருக்கின்றன. இங்கே எரிந்த உரையாடலில் பாதி அங்கே தப்பியிருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய சிற்றிதழ்கள் நிறைய உள்ளன. நம்மவர் பெயர் அவற்றின் கடிதப் பகுதியில் கிடைக்கும்.

பிறந்த ஆண்டு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொன்றாக இருக்கிறது. எதைப் போடுவது?

இரண்டையும் போடுங்கள், எது எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியதும் குறைத்ததும் அந்தக் காலத்தில் சாதாரணம். ஒரு ஆண்டைத் தெரிவுசெய்து மற்றதை மறைத்தால், பின்னால் வருபவர் அதே வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

புனைபெயர்களுக்கும் இதே ஒழுங்கு. பிரமிள் எத்தனையோ தடவை பெயரை மாற்றி எழுதியவர். தருமு சிவராமு, பானுசந்திரன், அரூப் சிவராம் எல்லாம் அவரே. ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி ஆள்தான் கிடைப்பார். உங்கள் வீட்டு எழுத்தாளர் எந்தெந்தப் பெயர்களில் எழுதினார் என்ற பட்டியல், மனைவிக்கோ நெருங்கிய நண்பருக்கோதான் தெரிந்திருக்கும். இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கனடாவில். அம்மம்மா மட்டும் திருமலையில். இங்கிருந்து என்ன செய்யலாம்?

இந்தக் கிழமையே ஒரு வீடியோ அழைப்பு எடுங்கள். அங்கே பகல், நல்ல வெளிச்சமுள்ள நேரமாகப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அல்பத்தை அம்மம்மாவின் மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பட்டும், நீங்கள் பதிவு செய்யுங்கள். "இது ஆர் அம்மம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் யோசிக்கும் இடைவெளியில் அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். களைத்துவிட்டால் நிறுத்துங்கள், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே மறுபடி எடுங்கள். அடுத்த மாதம் என்று வைக்காதீர்கள்.